எர்த் குழிக்கு ஒரு குடம்

கதை என்றால் உட்கார்ந்து கேட்க வேண்டும். தார்ப்பாயை இழுத்துக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், பனி இறங்குகிறது. நெல் எங்கும் ஓடிவிடாது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் கிடக்கிறவனுக்குத் தூக்கம் வராது, பேச்சுதான் வரும். நீங்கள் இன்றைக்கு வந்தவர்கள். எனக்கு இது பதினோராவது ராத்திரி. நாளைக் காலையில் என் குவியலுக்கு எடை. மூட்டை லாரி ஏறியதும் நான் கிளம்பிவிடுவேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. அந்த விளக்குக் கம்பத்தடியில் ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டு தெரிகிறதா? விளக்குக்கு எர்த். பக்கத்தில் பச்சைக் குடம் கவிழ்த்து வைத்திருக்கிறது. தினமும் அந்தக் குழாய்க்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு இரையும். இத்தனை நாள் நான் ஊற்றினேன். நாளையிலிருந்து யார் ஊற்றுகிறீர்கள்? பக்கிரி, நீ கை தூக்கினாயே... வாயைத் திறந்து சொல்லப்பா. கை தூக்கினால் எனக்கு இருட்டில் என்ன தெரியும்?

"நான் ஊத்துறேண்ணே. இதெல்லாம் ஒரு வேலையா?"

சரி. சொல்லிவிட்டான். இனி கதை.

இரவு ஒன்பதே முக்கால். போன ஐப்பசி. கல்லணைக் கால்வாய்க் கரையோடு பூதலூர்ப் பக்கம் போகிற சாலை. ஒரு பக்கம் கால்வாயில் முட்ட முட்டத் தண்ணீர், மறுபக்கம் நட்டு இருபது நாளான பயிர். விளக்கு கிடையாது. ஆள் கிடையாது. ஒரே ஒரு குட்டி யானை லோடு வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் பெயர் ராஜ்குமார். இந்தக் களத்துக்கு விளக்குப் போட்ட எலக்ட்ரீஷியன் அறிவுமதி என் சிநேகிதன். அவனுடைய அக்கா வீட்டுக்காரன்தான் இந்த ராஜ்குமார்.

வண்டியின் பின்னால் நாலு சாமான்கள். கம்பளி சுற்றிய ஒரு பழைய வால்வு ஸ்டீரியோ ரேடியோ செட், அதற்கு உரிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், நாலடி நீளத்தில் ஒரு செம்புக் குழாய். வண்டி ஓடும்போது காற்று குழாய்க்குள் புகுந்து ஊதியது. ஊ... என்று ஒரே சுருதி. ராஜ்குமாருக்கு அது எரிச்சலாக இருந்தது. குழாயின் வாயில் துணியை அடைக்கலாம் என்று வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

வண்டி நின்றுவிட்டது. காற்றும் இல்லை. ஓரத்து நாணல்கூட அசையவில்லை. குழாய் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது... ஊ... இல்லை, ஊதவில்லை. மூச்சை வெளியே விடுகிற சத்தம் வேறு, உள்ளே இழுக்கிற சத்தம் வேறு. இது உள்ளே இழுத்தது. ராஜ்குமார் உள்ளங்கையால் குழாயின் வாயை மூடினான். கையை அது கவ்விப் பிடித்து உறிஞ்சியது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்திருந்தது.

பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் கரண்ட் வேலை பார்த்தவன். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். சூட்டில் இருந்த குழாய் குளிர்ந்து காற்றை இழுக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தான். ஐப்பசி ராத்திரியில் குழாய் எங்கே சூடாக இருந்தது என்று அவன் யோசிக்கவில்லை.

இந்த செட் கிடைத்த கதையைச் சொல்கிறேன். ராஜ்குமாருக்குப் பழைய வால்வு ரேடியோ என்றால் பைத்தியம். செத்த செட்டை வாங்கி வந்து பாட வைப்பான். அவன் பெண்டாட்டி ஜெயபாரதி கிராமத்து நர்ஸ், வாய்த் துடுக்கு. "பாத்திரம் கவுக்க எடமில்ல, பன்னெண்டு ரேடியோ இருக்கு. ஒண்ணுலயாச்சும் நான் கேட்ட பாட்டு வந்துருக்கா?" என்பாள். ஸ்டீரியோவில் வால்வு செட் இந்தப் பக்கத்தில் பார்க்கவே முடியாது. அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் அன்றைக்குச் சோறுகூடச் சாப்பிடாமல் ஓடினான்.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கே பெண் எடுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். பெரிய வீடு. வீட்டுக்காரர் பெயர் கல்யாணம், எழுபது வயது, மெட்ராஸில் இருக்கிறார். வீட்டை இடிக்கப் போகிறார்கள், சாமானை ஒழிக்க வந்திருந்தார். "அப்பா சிங்கப்பூர்லேந்து கப்பல்ல கொண்டு வந்தது. யாராவது பாட வெச்சா போறும், எடுத்துண்டு போங்கோ" என்றார். தேக்குப் பெட்டி, கண்ணாடி டயல், டயலில் லண்டன், கொழும்பு, சிங்கப்பூர் என்று ஊர்ப் பெயர்கள். நடுவில் பச்சைக் கண். பழைய செட் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டேஷன் கிடைக்காதபோது அந்தக் கண் அகலத் திறந்திருக்கும். ஸ்டேஷன் பலமாகக் கிடைத்தால் இறுக மூடிக்கொள்ளும்.

செட்டின் பின்னாலிருந்து ஒரு எர்த் வயர் கொல்லைக்குப் போனது. போய்ப் பார்த்தான். செம்புக் குழாய் மண்ணில் பதித்திருந்தது. இந்தக் காலத்தில் இத்தனை கனமான செம்பு எங்கே கிடைக்கிறது? "அதையும் எடுத்துக்கறேங்க" என்றான். கல்யாணம் தலையாட்டினார். கடப்பாரையால் நெம்பி எடுத்தான். அது வரும்போது மண்ணுக்குள் ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி இருந்ததாம். குழியை அவன் மூடவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற அகிலாண்டம் என்கிற அம்மாள் அங்கேயே நின்றாள். கையில் ஒரு பெரிய சொம்பு. பேசுகிற நேரத்தில் நாலு தரம் சொம்பைத் தூக்கிக் குடித்துவிட்டாள். உதடு மட்டும் வெடித்து, காய்ந்து கிடந்தது.

"அதுல தெனம் ஒரு குடம் தண்ணி ஊத்தணும் தம்பி."

"எர்த் குழின்னா ஈரமாத்தான் இருக்கணும், தெரியும்மா."

"மழ பேஞ்சாலும் ஊத்தணும். மழ வேற, ஊத்துறது வேற." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "யாரு ஊத்துவீங்க?"

இங்கேதான் ராஜ்குமார் தப்புச் செய்தான். நாம் எல்லோரும் செய்கிற தப்புதான். கோயில் வேலைக்கு ஆள் கேட்டால், சங்கத்துக்குச் சமைக்க ஆள் கேட்டால், நாம் என்ன சொல்வோம்? வீட்டில் கேட்காமலே வீட்டைச் சொல்லிவிடுவோம். அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"எங்க வீட்டுல ஊத்திடுவாங்கம்மா. ஜெயபாரதின்னு பேரு. நர்ஸு, நேரம் தவற மாட்டா."

அகிலாண்டம் சொம்பில் மீதி இருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினாள். சொம்பைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். அப்படியே வாசல் வழியாக நடந்து போய்விட்டாள். திரும்பியே பார்க்கவில்லை.

பக்கிரி, என்ன, பாட்டில் காலியா? பந்தல் ஓரத்தில் கேன் இருக்கிறது, நிரப்பிக்கொண்டு வா. உனக்காகக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.

வந்தாயா? சரி. செட்டைப் பாட வைக்க மூன்று வாரம் ஆனது. பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே குளவிக் கூடு, எலிப் புழுக்கை, ஒரு பல்லியின் எலும்புக்கூடு. பிரஷ் வைத்து அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்தான். மெழுகு ஒழுகிய பழைய கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றினான். வால்வுகளைக் கழற்றிக் கால்களைச் சுரண்டி மறுபடி சொருகினான். அப்புறம் நூறு வாட் பல்பை சீரிஸில் போட்டு முதல் தடவை கரண்ட் கொடுத்தான். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். எரிந்துவிட்டு மெல்ல மங்கினால் செட்டுக்கு உயிர் இருக்கிறது. பல்பு மங்கியது. வால்வுகளில் செந்தணல் ஏறியது. சுட்ட தூசியும் மெழுகும் கலந்த வாசனை வீடு முழுக்க வந்தது. ராஜ்குமாருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது, அப்படி ஒரு சந்தோஷம்.

வலது ஸ்பீக்கர் சுத்தமாகப் பாடியது. இடது ஸ்பீக்கரில் மட்டும் ம்ம்ம்ம்... என்று ஒரு இரைச்சல். எர்த் இல்லாத குறை என்று கண்டுகொண்டான். செம்புக் குழாயின் அடிமுனை களிம்பேறிக் கோணலாக இருந்தது. ஆக்ஸா பிளேடால் ஒரு அங்குலம் அறுத்துத் தள்ளி, அரம் போட்டு வட்டமாகத் தேய்த்தான். இந்த விஷயத்தை மறந்துவிடாதீர்கள். புதுக் காசு மாதிரி மினுமினுவென்று வட்டமாகத் தேய்த்தான். கொல்லையில் வாழை ஓரமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு நட்டான். வயரை இழுத்துவந்து செட்டின் பின்னால் முடுக்கினான். இரைச்சல் போகவில்லை.

செட்டுக்குப் பின்னால் குனிந்தபடியே குரல் கொடுத்தான். "ஏம்மா, அந்தக் குழாயில ஒரு குடம் தண்ணி ஊத்து."

ஜெயபாரதி முணுமுணுத்துக்கொண்டே போய் ஊற்றினாள்.

இரைச்சல் கத்தரித்த மாதிரி நின்றது. பாட்டு இரண்டு பக்கமும் நிறைந்து வந்தது. ஈரக் கையோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க இது, பாடுறவங்க நம்ம கூடத்துலயே உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றாள். பன்னிரண்டு ரேடியோவுக்கும் சேர்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அன்று இரவு இருவரும் பத்து மணிவரை உட்கார்ந்து கேட்டார்கள். நடுவில் அவள் எழுந்து போய் நாலு தரம் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் இரைச்சல் திரும்ப வந்தது. அவள் ஊற்றினாள், நின்றது. அடுத்த நாளும் அப்படித்தான். நாலாவது நாள்தான் அவன் அந்தச் சத்தத்தைக் கவனித்தான். இடது ஸ்பீக்கரில், பாட்டுக்கு அடியில்...

மடக்... மடக்... மடக்...

வால்வு செட்டில் அப்படி ஒரு கோளாறு உண்டு. மோட்டார் படகு ஓடுகிற மாதிரி டப் டப் என்று அடிக்கும். கெப்பாசிட்டர் மாற்றினால் போய்விடும். மாற்றினான். போகவில்லை. அடுத்த நாள் எண்ணிப் பார்த்தான். ஏழு மடக்கு. ஏழாவதுக்குப் பிறகு ஒரு பெருமூச்சு. அந்த நேரத்தில் பச்சைக் கண் இறுக மூடிக்கொண்டது. டயல் முள்ளை அவன் வேண்டுமென்றே ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வைத்திருந்தான்.

கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தான். ஜெயபாரதி காலிக் குடத்தை உதறிக்கொண்டு நின்றாள்.

அப்போது கார்த்திகை அடைமழை. கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். ஊரே தண்ணீரில் மிதக்கிறது, மண்ணில் ஒரு சொட்டு இறங்க இடமில்லை. அந்தக் குழாய் மட்டும் ஒரு குடத்தைப் பத்து விநாடியில் குடித்தது.

"குடு, நான் ஊத்துறேன்" என்று குடத்தை வாங்கி அவன் ஊற்றினான். தண்ணீர் குழாயின் விளிம்புவரை ஏறி நின்றது. ஒரு சொட்டு இறங்கவில்லை. வழிந்து அவன் காலில் கொட்டியது. அவள் வாங்கி ஊற்றினாள். சர்ரென்று இறங்கியது. உள்ளே ஸ்பீக்கரில், மடக்... மடக்...

அவள் அவனைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. அந்த வெடிப்பை அவன் ஏற்கெனவே ஒரு முகத்தில் பார்த்திருக்கிறான்.

"தெனம் ஒம்போது லிட்டர் குடிக்கிறேங்க. சுகர் பாத்துட்டேன், தொண்ணூத்தி ரெண்டு. யூரின் பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. தண்ணி தொண்டையில இறங்குது, தாகம் இறங்கல." ஊருக்கெல்லாம் சுகர் பார்க்கிறவள் அவள். அவளுக்குப் பயம் வந்து ராஜ்குமார் பார்த்ததே கிடையாது.

அவன் அகிலாண்டம் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சொன்னான். 

"என்னக் கேக்காம என் பேரச் சொல்லிட்டு வந்தீங்களா?" அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவனை ரொம்ப வதைத்தது. "சரி. இனிமே நான் ஊத்தல. நீங்களே உங்க செட்டுக்கு ஒரு வழி பண்ணுங்க."

அன்று இரவு அவள் ஊற்றவில்லை. இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. ராஜ்குமார் பிளக்கைப் பிடுங்கினான். வால்வு செட் அணைய பத்து விநாடி ஆகும், சூடு இறங்க வேண்டும். நின்று பார்த்தான். பத்து... இருபது... முப்பது. டயல் விளக்கு அணைந்தது. வால்வுத் தணல் அணைந்தது. பச்சைக் கண் மட்டும் எரிந்தது. அகலத் திறந்து, அவனைப் பார்த்து எரிந்தது. இடது ஸ்பீக்கர் ம்ம்ம்ம் என்றது.

அவன் கொல்லைக்கு ஓடினான். மழையில் கடப்பாரையைப் போட்டு நெம்பினான். குழாய் வரவில்லை. கீழேயிருந்து யாரோ பிடித்திருக்கிற பிடி. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, காலை ஊன்றி இழுத்தான். ஒரு தரம் அது மேலே வந்தது... கீழே போனது. பிறகு சட்டென்று விட்டது. அவன் மல்லாக்க விழுந்தான்.

செல்போன் வெளிச்சத்தில் அடிமுனையைப் பார்த்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் அவன் அரம் போட்டு வட்டமாகத் தேய்த்த முனை. அது இப்போது தட்டையாக நசுங்கிக் கிடந்தது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை... செம்பில் பல் பதிந்த தடம்.

பக்கிரி, மெதுவாகக் குடி. புரையேறப் போகிறது. மற்றவர்களுக்கும் கொஞ்சம் வை.

வீட்டுக்குள் வந்தால் ஜெயபாரதி குளியலறைத் தரையில் கிடந்தாள். பக்கெட் காலி. குழாய் திறந்தபடி ஓடியது, அதற்கடியில் வாயை வைத்திருந்தாள். நாக்கு காய்ந்த துணி மாதிரி ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. விடிவதற்குள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சலைன் ஏற்றினார்கள். இரண்டாவது நாள் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். ஏற்றுகிற தண்ணீர் எங்கே போகிறதென்று தெரியவில்லை, இப்படியே போனால் சிறுநீரகம் நாளைக்குத் தாங்காது என்றார். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் வாயால்தான் அவள் பெயரைக் கொடுத்தான். 

அங்கிருந்து நேராக அகிலாண்டத்தைத் தேடிப் போனான். அவள் தன் மகள் வீட்டில் இருந்தாள். முகம் தெளிந்து, உதடு ஆறி, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். அதன் மேல் தூசி படிந்து, ஒரு எறும்பு செத்து மிதந்தது.

"யாரும்மா அது கீழ?"

"தெரியாது தம்பி. கல்யாணம் ஐயா வீட்டுக்காரங்க அந்த எடத்த வாங்குறதுக்கும் முந்தி. சித்திரை வெயில்ல ஒருத்தனக் கட்டிப் போட்டாங்களாம், தண்ணி குடுக்காம. யாரு கட்டுனா, எதுக்குக் கட்டுனா, கேட்டதில்ல. என் மாமியா ஊத்துச்சு. ஒரு நாள் என்னக் கேட்டுச்சு, நான் சரின்னேன்."

"ரேடியோவுக்கு எர்த்துன்னு நெனச்சேனே..."

"குழாய் ரேடியோவுக்காகப் பதிச்சது இல்ல தம்பி. அது அவனுக்குத் தண்ணி விடப் பதிச்சது. ரேடியோ அப்புறம் வந்துச்சு. குழாய் இருக்கேன்னு வயர முடுக்கிட்டாங்க."

"திரும்பக் கொண்டுபோய் அங்கேயே நட்டுடுறேன்."

"ஊத்துற ஆளு எங்கயோ, அவன் அங்க. வேற யாராச்சும் நான் ஊத்துறேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"நான் சொல்றேன். நானே ஊத்துறேன்."

அவள் தலையை ஆட்டினாள். "நீ குடுத்தவன். குடுத்தவன்கிட்ட அது திரும்பி வராது."

"தெரிஞ்சேதான் என்னக் கேட்டியா?"

அகிலாண்டம் டம்ளரில் மிதந்த எறும்பை விரலால் எடுத்துப் போட்டாள். பிறகு, "முப்பத்தெட்டு வருஷம், தம்பி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். வார்டு வாசலில் நின்றுகொண்டு போகிற வருகிற முகங்களைப் பார்த்தான். டீ கொண்டுவருகிறவர், தரை துடைக்கிற அம்மாள், யாரோ ஒரு நோயாளியின் தகப்பனார். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? வாய்வரை வந்தது. அந்தத் தகப்பனாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தும்விட்டான். அவர் "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டதும் எழுந்து வந்துவிட்டான்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவனை அறிவுமதி வந்து பார்த்தான். அக்காவுக்காக இரண்டு நாளாக ராத்திரி பகல் பார்க்காமல் கிடந்தவன். ராஜ்குமார் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினான். கேட்பதற்காகச் சொல்லவில்லை, தாங்க முடியாமல் சொன்னான். அறிவுமதி நம்பவில்லை. மாமாவுக்குத் தூக்கமில்லாமல் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தான். தோளில் கை போட்டான்.

"இதுக்கா மாமா அழுவுறீங்க? விடுங்க. நான் ஊத்துறேன்."

உள்ளே வார்டில் ஜெயபாரதி, நர்ஸ் நீட்டிய டம்ளரைக் கையால் தள்ளினாள். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. "போதும்."

அறிவுமதி தண்ணீர் டிரம் இருந்த பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

அந்த செட் இப்போதும் அவர்கள் வீட்டில் பாடுகிறது. போய்க் கேட்டிருக்கிறேன், அருமையாகப் பாடுகிறது. இடது ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் இல்லை. ஜெயபாரதி உடம்பு தேறி வேலைக்குப் போகிறாள். தம்பி எடுத்துக்கொண்டான் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அறிவுமதி மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

அவன் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டரை மாதம் சுமந்தான். பாதியாக இளைத்துவிட்டான். அப்புறம் இந்தக் களத்துக்கு விளக்குப் போடுகிற வேலை வந்தது.

ஆமாம். அந்தக் கம்பத்தடியில் இருப்பதுதான்.

நான் நெல் கொண்டுவந்த முதல் நாள், "அண்ணே, நான் ஊருக்குப் போகணும், இதுல தெனம் ஒரு குடம் ஊத்திடுறீங்களா?" என்று கேட்டான். சிநேகிதன் கேட்கிறான், என்ன சொல்வேன்? சரி, ஊத்திடுறேன் என்றேன். மறுநாள் போனில் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னான். ஒரு மணி நேரம் அழுதான். நான் அவனைக் கண்டபடி திட்டினேன்.

நீங்களும் என்னைத் திட்டுங்கள். திட்ட வேண்டியதுதான். பதினோரு நாள் எனக்குத் தூக்கம் கிடையாது. நேற்று இந்தக் களத்தோரத்து வாய்க்காலில் மாடு மாதிரி கவிழ்ந்து குடித்தேன். எனக்குப் பயமாக இருந்தது, வேறொன்றும் சொல்வதற்கில்லை. திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றாலும் முடியாது. கொடுத்தவனிடம் அது வராது.

இங்கே இருக்கிற யாரும் இனி அந்தக் குடத்தைத் தொட மாட்டார்கள். கதை கேட்டுவிட்டார்கள் அல்லவா. ஆனால் நாளைக்குக் காலையில் இன்னும் நாற்பது டிராக்டர் வரும். கதை தெரியாத நாற்பது பேர். அதைச் சொல்லிவைக்கத்தான் இத்தனையும் சொன்னேன், பக்கிரி.

அழாதே. எழுந்து போய் ஒரு குடம் ஊற்று, விளக்கு இரைய ஆரம்பித்துவிட்டது.

நீ உட்கார்ந்ததிலிருந்து நிரப்பியது நாலு பாட்டில். நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். இது என் பாட்டில், பொழுது சாயும்போது பிடித்துவைத்தது. நீ வாயைத் திறந்து சொன்ன பிறகு நான் இதன் மூடியைத் திறக்கவே இல்லை. இந்தா, இதையும் குடி.